உரசிப் போகும் பந்து

ரயில்வே கண்ட்ரோல் அலுவலகத்தில் ஒரு சார்ட் உண்டு. கிடையாக நேரம், நெடுக்காக ஸ்டேஷன்கள். தாம்பரம் – பீச் பாதைக்கு அதைப் போட்டால் அடியில் தாம்பரம். அதற்கு மேலே சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் பீச் ஸ்டேஷன். ஒவ்வொரு வண்டியும் அந்தத் தாளில் ஒரு கோடு. ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது கோடு கிடையாகப் படுத்துக்கொள்கிறது. கிளம்பியதும் சாய்ந்து ஏறுகிறது. வேகம் கூடக்கூட நிமிர்கிறது. லோக்கல் வண்டியின் கோடு நின்று நின்று, சின்னச் சின்ன மடிப்புகளோடு போகும். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸின் கோடு ஒரே இழுப்பில் இறங்கும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கண்ட்ரோலர் போட்டுவந்த கோடுகளை இப்போது கணினி போடுகிறது. சார்ட்டின் இலக்கணம் மாறவில்லை.

இந்தப் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அன்று முதல் இன்று வரை ஓடிய எல்லா வண்டிகளையும் ஒரே நீளத் தாளில் வரைந்தாலும் அவற்றில் ஒரு கோடுகூட இடது பக்கம் திரும்பியிருக்காது. மேலே போகலாம், கீழே வரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுத்துக் கிடக்கலாம். வலது பக்கம் நகர்ந்துகொண்டேதான் இருந்தாக வேண்டும்.

சார்ட்டை வைத்து ரேக் லிங்க் போடுவார்கள். ரேக் என்றால் பெட்டிகள் கோத்த முழு வண்டி. தாம்பரத்தில் வந்து நின்ற ரேக்கே சற்று நேரத்தில் பீச்சுக்குத் திரும்பும். இரண்டு முனையிலும் ஓட்டும் அறை இருப்பதால் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை கிடையாது. வரும்போது கார்டு நின்றிருந்த அறை, போகும்போது மோட்டார்மேன் அறையாகிவிடும். தோளில் பையோடு பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர்கள் நடந்து போவதைத் தாம்பரத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். சார்ட்டில் இது அடியைத் தொட்டு, கொஞ்சம் படுத்து, மறுபடி எழும் ஒரு கோடு. ஒரே ரேக் இப்படி விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ஏறி இறங்கி, கடைசியில் எங்கோ ஓரிடத்தில் போய் அடைகிறது.

எனக்கு ரசனை இந்த இடத்தில்தான். ராத்திரி அது எங்கே அடைகிறதோ அங்கிருந்துதான் காலையில் புறப்பட முடியும். செங்கல்பட்டிலிருந்து காலையில் மூன்று வண்டி கிளம்ப வேண்டுமென்றால் முந்தின இரவு மூன்று ரேக் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டுதான் வந்தது என்றால் மூன்றாவது வண்டி டைம்டேபிளில் இருக்கும், பிளாட்பாரத்தில் இருக்காது. ஆகவே சார்ட்டின் வலது ஓரத்தில் கோடுகள் முடிகிற இடங்களும் இடது ஓரத்தில் அவை தொடங்குகிற இடங்களும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். தாளைச் சுருட்டி இந்த நள்ளிரவை அந்த நள்ளிரவோடு ஒட்டினால், எந்தக் கோடும் அறுந்து தொங்கக் கூடாது. எங்காவது ஒன்று தொங்கினால் டைம்டேபிளையே கலைத்துப் போட வேண்டியதில்லை. கடைசி வண்டிக்குப் பிறகு ஒரு காலி ரேக்கை இங்கிருந்து அங்கே நகர்த்திவிட்டால் போதும். ஒரு பயணியும் ஏறாத, எந்தப் பலகையிலும் எழுதப்படாத அந்த ஓர் ஓட்டத்தில் மொத்த லிங்க்கும் கூடிவிடுகிறது.

காலப் பயணம் பற்றிய முரண்களுக்கு விடை தேடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் காலி ரேக்கைத்தான்.

சார்பியல் படித்தவர்கள் சார்ட்டைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். வெளியையும் காலத்தையும் ஒரே தாளில் வைத்து, ஒவ்வொரு பொருளையும் அதில் ஒரு கோடாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, ஆண்டு 1908. தாள் தட்டையாக இருக்கும்வரை நம் வண்டிகளின் விதியே அங்கேயும்: எந்தக் கோடும் இடது பக்கம் திரும்பாது. ஆனால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் தாளை வளைக்க அனுமதிக்கிறது. 1949இல், ஐன்ஸ்டைனின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி வந்த தொகுப்புக்காக, அவருடைய நண்பர் கர்ட் கோடல் அதே சமன்பாடுகளிலிருந்து ஒரு சுழலும் பிரபஞ்சத்தை எடுத்துக்காட்டினார். அதில் ஒரு பயணி எப்போதும் முன்னோக்கியே போய், புறப்பட்ட நேரத்துக்கே வந்து சேரலாம். ரேக் லிங்க்கில் நாம் சுருட்டுவது காகிதத்தை மட்டும்தான். ரேக்குக்கு ஒவ்வொரு நாளும் வயது ஏறத்தான் செய்கிறது. கோடல் சுருட்டியது காலத்தையே.

சுருட்டியவுடன் பழைய கேள்வி வருகிறது. பேரன் பின்னோக்கிப் போய்த் தாத்தாவைக் கொன்றுவிட்டால்? அப்புறம் பேரன் ஏது, கொலை ஏது? மனிதர்களை வைத்து இதைப் பேசும்போது மனம், சுதந்திரம், தயக்கம் எல்லாம் உள்ளே வந்து கணக்கைக் குழப்பிவிடும். எண்பதுகளின் கடைசியில் இயற்பியலாளர்கள் செய்த நல்ல காரியம், பேரனை எடுத்துவிட்டு ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை வைத்தது. கார்ல் சேகன் தம் நாவலுக்காகக் கேட்ட ஒரு கேள்வியால் கலிஃபோர்னியாவில் கிப் தோர்ன், வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிகளான புழுத்துளைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். புழுத்துளையின் இரண்டு வாய்களுக்கு இடையே நேர வித்தியாசம் உண்டாக்கினால் அதுவே கால இயந்திரம் ஆகிவிடும் என்று மைக்கேல் மோரிஸ், உல்வி யுர்ட்செவர் ஆகியோருடன் 1988இல் எழுதினார். அதைப் படித்த ஜோசப் போல்சின்ஸ்கி டெக்சாஸிலிருந்து ஒரு சிக்கலை அனுப்பினார். பந்து ஒன்று வலது வாயை நோக்கி உருள்கிறது. உள்ளே போய், கொஞ்சம் முன்னாலேயே இடது வாய் வழியாக வெளியே வருகிறது. வந்த வேகத்தில், இன்னும் உள்ளே போகாத தன்னையே நேருக்கு நேர் மோதித் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட பந்து வாய்க்குள் போகவில்லை. போகாத பந்து எப்படி வெளியே வந்தது?

விடை கண்டவர்கள் தோர்னின் மாணவர்கள் ஃபெர்னாண்டோ எச்செவெரியாவும் குன்னர் கிளிங்காமரும். இதைவிட அழகான விடை ஒன்றை நான் அறிவியலில் அதிகம் பார்த்ததில்லை. போல்சின்ஸ்கியின் கதையில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. உள்ளே போகும் பந்து யாராலும் தொடப்படாத பந்து என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு அது தொடப்பட்டது என்கிறோம். கோட்டின் இரண்டு முனையும் பொருந்தவில்லை. பொருந்தும்படி வரையுங்கள் என்றார்கள் அவர்கள். வெளியே வரும் பந்து சற்றே கோணலாக வருகிறது. கோணலாக வருவதால் நேராக மோதாமல், கேரம் ஆடுகிறவர்கள் காயின் விளிம்பை மட்டும் தட்டுவது போல, உரசிவிட்டுப் போகிறது. உரசல் பட்ட பந்து வழி தவறுவதில்லை. கொஞ்சம் விலகி, அப்படியும் வாய்க்குள் போய்விடுகிறது. விலகி உள்ளே போனதால்தான் கோணலாக வெளியே வருகிறது. கோணலாக வந்ததால்தான் உரசுகிறது.

எத்தனை சின்ன விஷயம். முரணைத் தடுக்க வானத்திலிருந்து ஒரு கை வரவில்லை, துப்பாக்கி சுடாமல் சிக்கிக்கொள்ளவில்லை, எந்தக் காவல் தெய்வமும் பந்தைப் பிடித்து நிறுத்தவில்லை. நியூட்டன் காலத்து மோதல் விதிகளே போதுமானதாக இருந்தன. நேரடி அடி என்று நாம் பயந்த இடத்தில் ஒரு மெல்லிய உரசல் இருந்தது, அவ்வளவுதான். அந்த உரசலுக்கு முதல் காரணம் எது என்று தேடிப் போனால் சுற்றிச் சுற்றி அதே உரசலிடம் வந்து நிற்போம்.

இதைப் பொதுவிதியாகச் சொன்னவர் ருஷ்ய அறிஞர் ஈகோர் நோவிகோவ். தனக்குத் தானே ஒத்துப்போகும் நிகழ்ச்சிகள் மட்டுமே நிகழ முடியும் என்பது அவர் கொள்கை. அவர் இன்னும் கடினமான பந்தை எடுத்துக்கொண்டார்: தொட்டாலே வெடிக்கும் பந்து. உரசினாலும் வெடித்துவிடுமே, இப்போது என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி இருந்தது. பந்து வெடிக்கிறது; சிதறிய ஒரு துண்டு வாய்க்குள் போய், முன்னாலேயே வெளியே வந்து, பந்தைத் தொடுகிறது; அதனால் பந்து வெடிக்கிறது. தன் வெடிப்பின் துண்டே தன்னை வெடிக்க வைத்த பொறி.

மாணவர்கள் இருவரும் தோர்னோடு சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு வியப்பு இருந்தது. தீர்வே இல்லாத ஒரு தொடக்கம் கிடைக்குமா என்று தேடினார்கள். ஆராய்ந்த வகைகளில் கிடைக்கவில்லை. மாறாக, பல தொடக்கங்களுக்குத் தீர்வுகள் குவிந்தன. அதே பந்து, அதே வேகம், அதே திசை. ஒரு தீர்வில் இந்தப் பக்கம் உரசல், இன்னொன்றில் அந்தப் பக்கம். கணக்கில் எண்ணற்ற தீர்வுகள் கிடைக்கும் தொடக்கங்களும் இருந்தன. எல்லாமே முரணில்லாதவை. எது நடக்கும் என்று நியூட்டனின் விதிகளால் சொல்ல முடியவில்லை. குவாண்டம் விதிகளைக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவாவது சொல்லலாம் என்றார் தோர்ன். முரணுக்குப் பயந்து உள்ளே போனவர்கள் தாராளத்தைக் கண்டு திகைத்து வெளியே வந்தார்கள்.

தமிழ் சினிமா இந்தத் துறையில் சளைத்ததல்ல. ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ 2015இல் வந்தது. 2065இலிருந்து ஓர் இயந்திரம் நம் காலத்துக்கு வந்து சேரும் கதை. அடுத்த ஆண்டே விக்ரம் குமாரின் ‘24’, 2021இல் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’. மூன்றையும் விரும்பிப் பார்த்தவன் நான். ஆனால் மூன்றிலும் ருசி நடந்ததை மாற்றுவதில் இருக்கிறது. ‘மாநாடு’ சுழன்று சுழன்று வந்தாலும் ஒவ்வொரு சுற்றும் முந்தையதிலிருந்து வேறுபடுகிறது; நாயகனுக்கு நினைவு தங்குகிறது; பிழை திருத்தப்படுகிறது. பந்து தன்னையே உரசி, எதுவும் மாறாமல், எல்லாம் பொருந்தி நிற்கும் கதையை நம் திரையில் அதிகம் பார்க்க முடிவதில்லை.

நம் ஏடுகளில் அது இருக்கிறது. இயந்திரம் கிடையாது, எதிர்காலத்துச் செய்தி மட்டும் இறந்தகாலத்துக்கு வந்து சேரும். செய்தி வந்தாலும் பந்து வந்தாலும் சார்ட்டில் கணக்கு ஒன்றுதான். அத்யாத்ம ராமாயணத்தில் சீதை காட்டுக்கு உடன் வருவேன் என்கிறாள். இராமன் வேண்டாம் என்கிறான். பல காரணங்களைச் சொல்லிப் பார்த்த பிறகு அவள் கடைசி அஸ்திரத்தை எடுக்கிறாள்: எத்தனையோ இராமாயணங்களைக் கேட்டிருக்கிறேன், எதிலாவது சீதை இல்லாமல் இராமன் காட்டுக்குப் போனதுண்டா? ஏ.கே. ராமானுஜன் இந்த இடத்தைத் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டியதிலிருந்து பலரும் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சீதை போவாள் என்று முதலில் முடிவு செய்தது யார்? சீதை போனதால் கதையில் அப்படி இருக்கிறது. கதையில் அப்படி இருப்பதால் சீதை போகிறாள். இராமனும் அந்த வாதத்துக்குப் பிறகு மறுக்காமல் அழைத்துப் போகிறான்.

கம்சன் கதை இதே வட்டத்தின் கொடூரமான வடிவம். தங்கை தேவகியின் கல்யாண ஊர்வலத்தில் தேரோட்டும் கடிவாளம் அவன் கையில் இருக்கும்போதுதான் அசரீரி கேட்கிறது. அன்பின் உச்சத்தில் இருக்கும் அண்ணனுக்கு, இவள் பிள்ளையே உன்னைக் கொல்வான் என்று செய்தி வருகிறது. சிறையும் சிசுக்கொலையும் அதிலிருந்து பிறக்கின்றன. அவனைக் கொல்வதற்கான நியாயம் அவற்றிலிருந்து பிறக்கிறது. அசரீரியை எடுத்துவிடுங்கள், கண்ணனுக்கு மாமன்மேல் என்ன பகை?

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதி, வரந்தரு காதை. பதிகத்திலேயே இளங்கோவடிகளை அரசு துறந்தவராகத்தான் பார்க்கிறோம். குணவாயிற் கோட்டத்தில் இருக்கிறார், மலைக்குறவர்கள் வந்து வேங்கை மரத்தடியில் கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள், உடனிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்கிறார், காவியம் பிறக்கிறது. ஏன் துறந்தார் என்ற கேள்வியைக் கவி முப்பதாம் காதை வரை தொங்கவிட்டிருக்கிறார். பாத்திரங்களின் கதையெல்லாம் முடிந்த பிறகு, கவியே தன் காவியத்துக்குள் நடந்து வருகிறார். கண்ணகியின் தோழி தேவந்திமேல் வந்திருக்கும் தெய்வம், அவரைப் பார்த்து அவர் கதையை அவருக்கே சொல்கிறது.

தந்தையின் அருகில் இருந்த இளையவனைப் பார்த்து, அரசு வீற்றிருக்கும் அடையாளம் உனக்கு இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். மூத்தவன் செங்குட்டுவன் இருக்கும்போது இப்படி ஒரு சொல். இளையவன் மகிழவில்லை. சொன்னவனைச் சினந்து பார்த்தான். அந்த ஒரு பார்வையை எழுதாமல் விட்டிருந்தால் துறவு சாதுவான காரியமாகத் தெரிந்திருக்கும். கோபம் இருப்பதால்தான் அது ஒரு செயல் என்று தெரிகிறது. அண்ணனின் மனத் துயரம் நீங்க வேண்டும் என்று, துறவோர் முன்னிலையில் மண்ணாளும் பாரத்தை அகற்றிவிட்டான்.

இதுவரை படித்தவன் நினைப்பான்: சோதிடம் பொய்த்தது. எதிர்காலச் செய்தி வந்தது, செய்தியே எதிர்காலத்தை அழித்தது; போல்சின்ஸ்கியின் நேரடி அடி. கவி அங்கே நிறுத்தவில்லை. தெய்வத்தின் வாயில் இன்னொரு சொல்லை வைக்கிறார்: எண்ணமும் எட்டாத தொலைவில் இருக்கும் முடிவில்லாத இன்பத்தின் அரசை ஆளும் வேந்தன் நீ என்கிறது தெய்வம். முன்பு சொன்னவன் எந்த அரசு என்று சொல்லியிருக்கவில்லை. அவன் சொன்னபடியே அரசு கிடைத்தது. அந்தச் சொல்லைப் பொய்யாக்கத் துறந்ததால்தான் கிடைத்தது. நேராக மோத வேண்டிய பந்து விளிம்பை மட்டும் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

வட்டம் இதோடும் முடியவில்லை. அந்தச் சொல் இல்லையென்றால் துறவு இல்லை. துறவு இல்லையென்றால் குணவாயிற் கோட்டத்தில் குறவர் வந்து சொல்லக் கேட்க அடிகள் இல்லை; ஓர் இளவரசன் எங்கோ வஞ்சி அரண்மனையில் இருந்திருப்பான். அந்தச் சொல் பதிவாகியிருக்கும் காவியத்துக்கே அந்தச் சொல்தான் காரணம்.

தோர்னின் மாணவர்கள் கண்ட தாராளம் இங்கேயும் உண்டு. அதே சொல்லுக்கு வேறு தீர்வுகளும் முரணில்லாமல் பொருந்தியிருக்கும். அண்ணனைத் தள்ளிவிட்டு இளையவன் அரியணை ஏறியிருந்தாலும் சோதிடம் பலித்திருக்கும். அண்ணன் காலத்துக்குப் பிறகு காத்திருந்து ஏறியிருந்தாலும் பலித்திருக்கும். கம்சனும் இளங்கோவும் கேட்டது ஒரே வகைச் செய்தி. வட்டம் இரண்டு பேருக்கும் கூடியது. ஒருவருக்குக் குழந்தைகளின் ரத்தத்தில் கூடியது, மற்றவருக்கு ஒரு காவியத்தில். பந்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தேர்ந்துகொள்ளும் வழி கிடையாது. இளைய சேரனுக்கு இருந்தது. தெய்வம் சொன்னதைக் கேட்டபோது தமக்கு என்ன தோன்றியது என்று அடிகள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை; நேராகக் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, பொய் சொல்ல அஞ்சுங்கள், புறங்கூறாதீர்கள், கொலையை விடுங்கள் என்று அவர்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்.